கத்திரி வெயிலில் கொல்லைப்புறப் பறவைகளும் பட்டாம்பூச்சிகளும்: புதிதாகப் பார்க்கத் தொடங்குவோருக்கு

முதல் கோடையில் நான் செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். சமையல், பாத்திரம், துணி எல்லாவற்றையும் முடித்துவிட்டு, காலை ஒன்பதரை மணிக்குக் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு கொல்லைப்புறத்தில் போய் நின்றேன். பதினொன்றரை வரை நின்றேன். கண்டது இரண்டு காக்கை, ஓர் அணில், மதிலுக்கு அப்பால் பறந்துபோன ஏதோ ஒரு வெள்ளைப் பூச்சி. மாலையில் தலைவலி, மறுநாள் காய்ச்சல். நம் வீட்டுக்கு எதுவும் வராது என்று முடிவுகட்டி, 7,000 ரூபாய் பைனாகுலரைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

மூன்றாவது கோடையில், அதே கொல்லைப்புறத்தில், மே மாதத்தில் மட்டும் 23 வகைப் பறவைகளும் 14 வகைப் பட்டாம்பூச்சிகளும் என் நோட்டில் ஏறின. அதற்கு முன் இரண்டு கோடை வீணாயின. உங்களுக்கும் அப்படி வீணாக வேண்டாம்.

நான் இருப்பது திருச்சியில். அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். அந்த நாள்களில் இங்கே 40 டிகிரி என்பது பேச்சுக்குரிய செய்தியே அல்ல. வீட்டைச் சுற்றி மிஞ்சியிருக்கும் மண் ஒரு சென்ட்கூட வராது. ஒரு முருங்கை, ஓர் எலுமிச்சை, ஒரு கறிவேப்பிலை, மதிலோரம் செம்பருத்தி, பத்துப் பன்னிரண்டு தொட்டிகள், அவ்வளவுதான். வெறும் பால்கனி மட்டும் இருப்பவர்களும் கீழே உள்ளவற்றில் பாதியைச் செய்யலாம்.

1. கடிகாரத்தைத் திருத்துங்கள்

பணம் செலவாகாத படி இது. பெரும்பாலோர் தவறவிடுவதும் இதைத்தான்.

பறவைகளுக்கான நேரம் காலை ஐந்தே முக்கால் முதல் எட்டு மணி வரை. கத்திரியில் திருச்சிப் பக்கம் ஆறு மணிக்குச் சற்று முன்பே சூரியன் எழுந்துவிடும். குயில் அதற்கும் ஒன்றரை மணி நேரம் முன்பே கூவத் தொடங்கிவிடும். எட்டு மணிக்கு மேல் பறவைகள் ஒவ்வொன்றாக இலைக்குள் போய்விடும். மாலையில் ஐந்து முதல் ஆறரை வரை மறுபடி வெளியே வரும்.

பட்டாம்பூச்சிக்கு அவ்வளவு சீக்கிரம் எழ வேண்டியதில்லை. உடம்பைச் சூடேற்றிக்கொள்ளாமல் அதனால் பறக்க முடியாது. ஏழு மணி வாக்கில் கிழக்கு வெயில் விழும் இலையில் சிறகை விரித்து உட்கார்ந்திருக்கும். புதியவர்கள் நிதானமாகப் பார்க்கவும் படம் எடுக்கவும் அந்த அரை மணி நேரத்தைப்போல வேறு வாய்ப்பு கிடையாது. எட்டு முதல் பத்தரை வரை பூவுக்குப் பூ அலையும். உச்சி வெயிலில் அதுவும் இலையின் அடிப்பக்கத்தில் சிறகை மூடித் தொங்கிவிடும்.

ஆக, காலை ஆறு முதல் ஏழரை வரை பறவை, பிறகு ஒன்பது வரை பூச்சி. வேலைக்குப் போகிறவர்களாக இருந்தால் ஆறு முதல் ஆறரை வரை அரை மணி நேரம் போதும், ஆனால் தினமும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட இதில் இரண்டு மடங்கு கிடைக்கும்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். வலசை வரும் பறவைகள் ஏப்ரல் முடிவதற்குள் பெரும்பாலும் வடக்கே திரும்பிவிடும். மே மாதத்தில் நீங்கள் பார்க்கப்போவது ஊரோடு இருக்கும் பறவைகளைத்தான். படத்தில் பார்த்ததையெல்லாம் எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். ஆனால் ஊர்ப் பறவைகளில் பல கூடு கட்டுவதும் குஞ்சு வளர்ப்பதும் இந்த மாதங்களில்தான் என்பதால், பழகிய பறவையின் பழகாத நடத்தையைப் பார்க்கலாம்.

2. தண்ணீர்ச் சட்டி

காவிரியில் மணல் மட்டும் தெரியும் நாள்களில் ஒரு சட்டித் தண்ணீருக்கு இருக்கும் மதிப்பே வேறு. எந்தச் செடியும் தராத பலனை இது மூன்றே நாளில் தரும்.

வாங்க வேண்டியது அகலமான, ஆழமில்லாத மண் தட்டு. பூந்தொட்டிக்கு அடியில் வைப்பார்களே, அந்தத் தட்டே போதும். குயவரிடம் 80 ரூபாய்க்கு வாங்கினேன். பளபளப்பு பூசாத மண்ணாக இருக்கட்டும். அதில்தான் நீர் கசிந்து ஆவியாகிச் சட்டி குளிர்ந்திருக்கும். எவர்சில்வர் கிண்ணம் வைத்தால் பத்து மணிக்கு அது வெந்நீர்ப் பாத்திரம். பிளாஸ்டிக் வழுக்கும், காற்றில் கவிழும்.

ஆழம் நடுவில் மூன்று விரல்கிடைக்கு மேல் வேண்டாம். ஒரு பக்கம் தட்டையான கல்லொன்றைச் சாய்த்து வையுங்கள். தேன்சிட்டும் தேனீயும் அந்தக் கல்லின் ஈரமான விளிம்பில்தான் நிற்கும்.

இடம் மிக முக்கியம். நான் முதலில் செம்பருத்திப் புதரை ஒட்டி வைத்தேன், நிழலாயிற்றே என்று. புதருக்குள்ளிருந்து பக்கத்துத் தெருப் பூனை ஒரே பாய்ச்சலில் ஒரு சின்னான் குருவியைக் கவ்விக்கொண்டு போயிற்று. இப்போது சட்டி, இடுப்பளவு உயரமுள்ள ஒரு பழைய ஸ்டூல் மேல், புதரிலிருந்து ஆறேழு அடி தள்ளி இருக்கிறது. பூனை ஒளிந்து பாய முடியாது. பறவை பயந்தால் ஒரு பறத்தலில் கிளைக்குப் போய்விடலாம். நிழல் மதிய நேரத்தில் விழுந்தால் போதும்.

இதில் இருக்கும் பெரிய பொறி கொசு. இரண்டாவது கோடையில் டெங்கு சோதனைக்கு வந்த பணியாளர் சட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, நெளிந்துகொண்டிருந்த புழுக்களை என்னிடமே காட்டினார். அபராதம் போடவில்லை. மாமியார் முன்னால் சொன்னதால் அதைவிட அதிகமாகப் பட்டது. பறவைக்குத் தண்ணீர் வைக்கிறேன் என்று நான் செய்தது கொசு வளர்ப்பு. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதன் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தினமும் காலையில் பழைய நீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் புது நீர் விடுங்கள். வாரம் இரண்டு முறை தேங்காய் நாரால் உள்சுவரை அழுத்தித் தேயுங்கள். சோப்பு வேண்டாம். ஊருக்குப் போகிறீர்கள் என்றால் சட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போங்கள்.

பட்டாம்பூச்சிக்குத் திறந்த நீர் தேவையில்லை, சேறுதான் தேவை. ஒரு தட்டில் தோட்டத்து மண்ணும் மணலும் கலந்து, எப்போதும் ஈரமாக இருக்கும்படி வையுங்கள். ஆண் பூச்சிகள் மண்ணிலுள்ள உப்புக்காக வந்து உறிஞ்சும். என் வீட்டில் முதலில் வந்தது துணி துவைக்கும் கல்லின் ஓரத்து ஈரத்துக்குத்தான். தட்டை அங்கேயே நகர்த்தினேன்.

தானியம் வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. வைக்காதீர்கள் என்பதே என் கருத்து. கம்பு போட்ட பத்தாவது நாள் மாடப்புறாக்கள் நாற்பது வந்தன. மற்றவை ஒதுங்கின. மாடிக் குழாயெல்லாம் எச்சம். நிறுத்திய பிறகும் ஒரு மாதம் வந்து காத்துக்கிடந்தன. காக்கைக்கு ஒரு பிடி சோறு வைப்பது வேறு, அது வீட்டு வழக்கம், வைக்கலாம். உப்பும் எண்ணெயும் சேர்ந்த மிச்சம் மீதி மட்டும் வேண்டாம்.

3. பூச்செடியைவிட இலைச்செடி

நான் அதிகம் காசை இறைத்த இடம் இது. பட்டாம்பூச்சி வர வேண்டும் என்று நர்சரியில் போய்ப் பூக்களாகப் பார்த்து வாங்கினேன். சாமந்தி, ரோஜா, கலர்கலராக என்னென்னவோ. கத்திரியில் பாதி கருகின. பிழைத்தவற்றையும் எந்தப் பூச்சியும் சீண்டவில்லை.

பட்டாம்பூச்சி தேனுக்காக எந்தத் தோட்டத்துக்கும் போகும், வரும். ஆனால் தங்குவதும் திரும்ப வருவதும் முட்டையிட இலை இருக்கும் தோட்டத்தில்தான். ஒவ்வொரு வகைக்கும் அதனதன் செடி உண்டு. நம் வீடுகளில் எளிதாக வளரக்கூடியவை இவை:

கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை: கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி இரண்டுக்கும். பால்கனித் தொட்டியில் ஒரே ஒரு கறிவேப்பிலைக் கன்று இருந்தாலும் தேடி வரும்.

எருக்கு: வெந்தய வரியனுக்கு. காசு கொடுக்க வேண்டாம், காலிமனையில் முளைத்திருக்கும். பால் கண்ணில் பட்டால் ஆபத்து, குழந்தைகளிடமிருந்து தள்ளி வையுங்கள்.

அரளி: வெண்புள்ளிக் கருப்பனுக்கு. இதுவும் நஞ்சு. ஆடு மாடு வந்து போகும் வீட்டில் வைக்காதீர்கள்.

கொன்றை, ஆவாரை: வெள்ளையும் இளமஞ்சளுமாக வேகமாகப் பறக்கும் பூச்சிகளுக்கு. இடம் இருந்தால் ஆவாரை வையுங்கள், அது வெயிலுக்குப் பிறந்த செடி.

ஆமணக்கு: வரி வரியாகச் செம்பழுப்பு நிறத்தில் ஒரு பூச்சி வரும்.

தேனுக்கு இட்லிப்பூ, செம்பருத்தி போதும். மதிலோரம் தானாக முளைக்கும் வெட்டுக்காயப் பூண்டைப் பிடுங்கிப் போடாமல் இருந்தால் அதுவே பாதி வேலையைச் செய்யும். உண்ணிச்செடியில் பூச்சி மொய்க்கும் என்று சிலர் நடச் சொல்வார்கள். காட்டையே மூடிக்கொண்டிருக்கும் அந்நியச் செடி அது. நான் வைப்பதில்லை.

வெயில் உச்சத்தில் கன்று நடாதீர்கள். மாசிக்குள் நட்டு, வேர் பிடித்திருக்க வேண்டும். இப்போதுதான் படிக்கிறீர்கள் என்றால், தொட்டியில் ஏற்கெனவே வளர்ந்த கறிவேப்பிலை ஒன்று மட்டும் வாங்குங்கள். என் பக்கத்தில் உயரத்தைப் பொறுத்து 50 முதல் 150 ரூபாய். மற்றவற்றை முதல் மழைக்குப் பிறகு வையுங்கள்.

வாங்கும்போது மருந்தடித்த செடியா என்று கேளுங்கள். நான் வாங்கிய எலுமிச்சைக் கன்றில் முட்டை பொரித்த புழுக்கள் இரண்டே நாளில் கருத்துச் சுருண்டு உதிர்ந்தன. செடிக்குள் ஏறும் மருந்து இலையில் பல வாரம் நிற்கும். அதிலிருந்து, எந்தக் கன்றானாலும் புதுத் தளிர் இரண்டு சுற்று விட்ட பிறகே நம்புகிறேன்.

அடுத்து வருவது வீட்டுக்குள் சண்டை மூட்டும் விஷயம். இலையைப் புழு தின்னும். தின்னத்தான் செடி வைக்கிறோம். முதல் கோடையில் கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நானே துடைத்துத் துடைத்துப் போட்டேன். பச்சைப் புழுக்களைக் கண்டதும் வேப்பெண்ணெய் கரைத்து அடித்தேன். பிறகு, ஏன் பட்டாம்பூச்சி வரவில்லை என்று புலம்பினேன். அந்த 'எச்சம்' அழகியின் இளம்புழு. தின்ன வருகிறவன் ஏமாறட்டும் என்று அப்படி ஒரு வேடம்.

ஒரு காலை முழுவதும் ஒரே செடியின் முன்னால் உட்கார்ந்து பாருங்கள். முட்டையிட வரும் பெண் பூச்சியைப் பறக்கும் விதத்திலேயே கண்டுபிடிக்கலாம். பூவைப் பார்க்காது. இலைக்கு இலை படபடத்து, முன்கால்களால் தட்டிப் பார்க்கும். இலையின் ருசியை அதற்குச் சொல்வது கால்தான். சரியான தளிர் என்று தெரிந்ததும் வயிற்று நுனியை வளைத்து ஒரே ஒரு முட்டையை ஒட்டும். வெளிர்மஞ்சளில், கசகசாவைவிடச் சற்றுப் பெரிது. மூன்று நான்கு நாளில் பொரிந்துவிடும். எச்ச நிறத்திலிருக்கும் புழு கடைசித் தோலை உரித்ததும் பச்சையாகும். ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பு, சிவப்பு கலந்த ஆரஞ்சு நிறத்தில், நீட்டிக்கொண்டு வெளியே வரும். கூடவே அழுகிய எலுமிச்சை வாடை. கடிக்காது, அரிக்காது. முருங்கைக் கம்பளிப்பூச்சிக்குப் பயந்தவர்கள் இதைக் கண்டு ஓட வேண்டியதில்லை. இரண்டு வாரம் தின்று, கூட்டுப்புழுவாகி, மேலும் பத்து நாளுக்குள் ஒரு விடியற்காலையில் கிழித்துக்கொண்டு வெளிவரும். நசுங்கிய ஈரத்துணிபோல் தொங்கும் சிறகு விரிந்து காய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அப்போது கையில் எடுக்காதீர்கள், செடியையும் ஆட்டாதீர்கள்.

மாமியாரோடு ஏற்பட்ட ஒப்பந்தம் இது: கொல்லைப்புறக் கறிவேப்பிலை பூச்சிக்கு, முன்வாசல் தொட்டி சாம்பாருக்கு. முன்வாசலில் புழு தென்பட்டால் கிளையோடு வெட்டிப் பின்னால் கொண்டுபோய்ச் செருகிவிடுவேன். இப்போது அவரே விடிந்ததும் போய் எண்ணிவிட்டு வருகிறார்.

4. ஒரே நாற்காலி, ஒரே இடம்

அலையாதீர்கள். தோட்டம் சின்னது. நீங்கள் நடந்தால் எல்லாம் பறந்துவிடும். முதுகுக்குப் பின்னால் சுவரும் தலைக்கு மேல் நிழலும் சூரியன் உங்கள் முதுகுப் பக்கமும் இருக்கும்படி ஓர் இடம் தேர்ந்தெடுத்து, தினமும் அங்கேயே உட்காருங்கள். முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்காது. பிறகு தையல்சிட்டு தொடங்கும். கட்டைவிரல் அளவு உடம்புக்கு அந்தக் குரல் அநியாயம். தவிட்டுக்குருவிகள் வந்தால் ஒன்றாக வராது, ஏழெட்டாகத் தரையில் குதித்துச் சருகைப் புரட்டும். அந்தச் சருகைக் கூட்டிப் பெருக்கிவிடாதீர்கள், அவற்றின் சாப்பாடு அதற்கடியில்தான்.

அடர்நிற உடை வேண்டாம், சாயம்போன பருத்தி போதும். ஒரு சொம்பு நீர்மோரோ உப்பிட்ட எலுமிச்சைச் சாறோ பக்கத்தில் இருக்கட்டும். ஒன்பது மணிக்கு எழுந்துவிடுங்கள், என்ன வந்தாலும். பக்கத்தில் காக்கைக் கூடு இருந்தால் தலையில் துண்டு கட்டிக்கொள்ளுங்கள். குஞ்சு இருக்கும் நாள்களில் அவை தலையில் கொத்தும்.

புதியவர்கள் தவறாகப் பெயர் எழுதும் இரண்டை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகளோடு, சிவந்த கண்ணோடு ஒரு பறவை வந்தால் அது புது வகை இல்லை, பெண் குயில். கறுப்பாக இருப்பது ஆண். அதேபோல் கறிவேப்பிலை அழகியில் ஆண் கறுப்புதான், பின்சிறகின் குறுக்கே வெள்ளைப் புள்ளி வரிசை மட்டும் ஓடும். பெண்ணில் ஒரு வகை சிவப்புப் புள்ளிகளோடு, நஞ்சுள்ள வேறொரு பூச்சியைப்போலவே வேடம் போட்டிருக்கும். உடம்பைப் பாருங்கள். நஞ்சுள்ள பூச்சிக்கு உடம்பு சிவப்பு, வேடதாரிக்குக் கறுப்பு.

ஸ்கூட்டர் கண்ணாடியில் தேன்சிட்டு விடாமல் கொத்திக்கொண்டிருந்தால் அது விளையாட்டல்ல. தன் உருவத்தையே எதிரி என்று நினைத்து நாள் முழுவதும் சண்டை போடும். கண்ணாடியில் ஒரு துணிப்பையை மாட்டுங்கள்.

5. பைனாகுலர்: எப்போது, எவ்வளவுக்கு

முதல் மாதம் வாங்கவே வாங்காதீர்கள். பத்தடி தூரத்துச் சட்டிக்கு வெறும் கண் போதும். ஆர்வம் நிலைத்தால் வாங்கலாம்.

8×42 என்று எழுதியிருந்தால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். காலை மங்கல் ஒளிக்கு இது சரியான அளவு. 10×50 கனம், கை நடுங்கும். கண்காட்சியிலும் நடைபாதையிலும் 60 மடங்கு, 90 மடங்கு என்று அச்சிட்டு 900 ரூபாய்க்கு விற்பவை விளையாட்டுச் சாமான்கள். நான் முதலில் ஏமாந்தது அதில்தான். நல்லதாக ஒன்று 6,000 முதல் 9,000 ரூபாய்க்குள் கிடைக்கும்.

வீட்டுத் தோட்டத்துக்கு வாங்குகிறவர்கள் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மிகக் குறைந்தது எத்தனை அடியில் இருப்பது தெளிவாகத் தெரியும்? ஏழு அடிக்குள் என்றால் பட்டாம்பூச்சிக்கும் உதவும். பதினைந்து அடி என்றால் உங்கள் தோட்டத்தில் பாதி மங்கலாகத்தான் தெரியும். கடையிலேயே உங்கள் செருப்பைப் பார்த்துச் சோதியுங்கள்.

சூரியன் பக்கம் திருப்பாதீர்கள், கண் போய்விடும். எதிர்வீட்டு ஜன்னல் பக்கமும் திருப்பாதீர்கள். அங்கே கம்பியில் உட்கார்ந்திருந்த கரிச்சானைத்தான் பார்த்தேன் என்று நான் அந்த வீட்டம்மாவிடம் விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

6. காகிதமும் பதிவும்

சொந்த வீட்டில் பார்ப்பதற்கு எந்த அனுமதியும் வேண்டாம். வாடகை வீடு என்றால் மண்ணில் செடி நடவும் சுவரில் ஆணி அடிக்கவும் வீட்டுக்காரரிடம் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடி என்றால் மாடித் தொட்டிகளுக்குச் சங்கத்தின் சம்மதம்.

20 ரூபாய் நோட்டு ஒன்று போதும். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வெயிலா மேகமா, எது, எத்தனை, எந்தச் செடியில், என்ன செய்தது. கடைசி இரண்டும்தான் முக்கியம். பெயர் தெரியாவிட்டால் நிறம், வால், குரல் எழுதுங்கள். பெயர் பின்னால் வரும்.

பறவைகளை ஈ-பேர்ட் செயலியிலும் பதியலாம், இலவசம்தான். கணக்கு தொடங்கப் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் கேட்கும். பட்டியலை முடிக்கும்போது 'இது முழுமையான பட்டியலா' என்று ஒரு கேள்வி வரும். நான் பல வாரம் 'இல்லை' என்றே போட்டேன், நமக்கு எல்லாப் பறவையும் தெரியாதே என்ற அடக்கத்தில். அங்கே அவர்கள் கேட்பது, நீங்கள் அடையாளம் கண்டவை அனைத்தையும், காக்கை உட்பட, எழுதினீர்களா என்பதைத்தான். எழுதியிருந்தால் 'ஆம்'. பதினைந்து நிமிடம் உட்கார்ந்தாலும் அது நல்ல பட்டியல். இடத்தைக் குறிக்கும்போது வீட்டு எண்ணையோ உங்கள் பெயரையோ எழுதாதீர்கள், பட்டியலை எவரும் பார்க்கலாம். நான் தெருமுனைப் பூங்காவின் பெயரைச் சார்த்தி எழுதுகிறேன். பட்டாம்பூச்சிக்கு ஐநேச்சுரலிஸ்ட் செயலி. படத்தை ஏற்றினால் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். சிறகின் மேற்புறம் ஒன்று, சிறகை மூடிய அடிப்புறம் ஒன்று என இரண்டு படம் எடுங்கள். ஒரே படத்தில் பல வகைகளைப் பிரிக்க முடியாது.

திருச்சிக்காரர்களாக இருந்தால் ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில் இருக்கும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு ஒரு காலை போய்வாருங்கள். எந்தச் செடிக்கு எது வருகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு வந்து உங்கள் தொட்டியை முடிவு செய்யலாம்.

7. நடுப்பகலில் என்ன செய்வது, என்ன செய்யக்கூடாது

பன்னிரண்டு மணிக்கு ஜன்னல் வழியே பாருங்கள். காக்கை வாயைப் பிளந்து, சிறகைத் தளர்த்தி நிற்கும். நோய் இல்லை. பறவைக்கு வியர்க்காது, வாய் வழியாகத்தான் சூட்டை இறக்கும். அந்த நேரத்தில் அதை விரட்டிப் பறக்க வைக்காமல் இருப்பதே உதவி. காதுக்கு மட்டும் ஒரு வேலை உண்டு. கன்னான் செம்பு தட்டுவதுபோல் 'டொங்க், டொங்க்' என்று ஒரே சீராக எங்கிருந்தோ கேட்கும். அது செம்மார்புக் குக்குறுவான். உச்சி வெயிலிலும் ஓயாது. குரலை நோட்டில் எழுதினால் அதுவும் கணக்கில் சேரும்.

மயங்கி விழுந்த பறவையைக் கண்டால், காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து, மூடி, வீட்டுக்குள் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழலுக்குள் போய்விடும். நான் ஒரு மைனாவை அப்படித்தான் பறிகொடுத்தேன், பாசத்தில். அலகு எட்டும்படி ஒரு மூடியில் நீர் வைத்துவிட்டு விலகுங்கள். தெளிந்தால் மாலை நான்கரைக்கு மேல் நிழலில் திறந்துவிடுங்கள். தெளியாவிட்டாலும், காயம் தெரிந்தாலும் கால்நடை மருத்துவரிடமோ வனத்துறையிடமோ.

தரையில் தத்தும் குஞ்சு வேறு கதை. இறகு முளைத்து, வால் குட்டையாக இருந்தால் அது பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்தில்தான் இருக்கும். பூனை எட்டாத கிளையில் தூக்கி வைத்துவிட்டு உள்ளே போங்கள். மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை. வீட்டில் வைத்து வளர்க்க ஆசைப்பட வேண்டாம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊர்க் காட்டுப் பறவைகளைக் கூண்டில் வைப்பது குற்றம், பச்சைக்கிளி உட்பட. 'பாவம் என்று எடுத்து வளர்த்தேன்' என்பது அங்கே செல்லாது.

கூடு கண்டால் ஒரு முறை பார்த்துவிட்டு விலகிவிடுங்கள். படமெடுக்க இலையை ஒதுக்கினால் காக்கைக்கும் வால்காக்கைக்கும் நீங்களே வழிகாட்டுகிறீர்கள். எங்கள் வீட்டுத் துணிக்கொடியின் நுனியில் தேன்சிட்டு ஒன்று சிலந்தி நூலும் சருகும் வைத்துக் கூடு தொங்கவிட்டது. மூன்று வாரத்துக்கும் மேல் மாடியில் துணி காயப்போட்டோம். கிளிப் பெட்டியும் வாளியுமாகத் தினமும் படியேறியது மாமியார்தான்.

8. மொத்தச் செலவும் மாதக் கணக்கும்

பைனாகுலர் நீங்கலாக எனக்கு ஆனது: இரண்டு மண் தட்டு 160, கறிவேப்பிலைக் கன்று 100, நோட்டு 20. ஆக 280 ரூபாய். எருக்கும் ஆவாரையும் ரோட்டோரத்து விதை. முதல் கோடையில் பூச்செடிக்கும் விளையாட்டுப் பைனாகுலருக்குமாக 3,000 ரூபாய்க்கு மேல் போனதை இதில் சேர்க்கவில்லை.

மாசியில் செடி. பங்குனி நடுவில் சட்டி. பறவைகள் இடத்தைப் பழகிக்கொள்ள ஒரு வாரமாவது ஆகும், கத்திரி தொடங்கிய பிறகு வைத்தால் அந்த நாள்கள் வீண். சித்திரையில் நாற்காலியும் நோட்டும்.

கத்திரியின் நடுவிலோ முடிவிலோ ஒரு மாலை இடி இடித்து மழை கொட்டும். மறுநாள் காலை மட்டும் வழக்கத்தை மாற்றுங்கள். தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன், கொன்றைக்கு வரும் வெள்ளைப் பூச்சிகள் எல்லாம் கூட்டம் கூட்டமாகக் கிழக்குச் சமவெளிக்கு இறங்கும். வீட்டு உயரத்தில், ஒரே திசையில், பூவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்க்கொண்டிருக்கும். கீழே செடியருகே உட்கார்ந்திருந்தால் இது கண்ணிலேயே படாது. எட்டு மணிக்கு நாற்காலியை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் போட்டு, ஐந்து நிமிடத்துக்கு எத்தனை கடக்கின்றன, எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் என்று மட்டும் எழுதுங்கள். பெயர் எழுத நேரம் இருக்காது. குடையை மறக்காதீர்கள்.